முட்டைக்குள் அசைவது

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. குளியலறை ஜன்னலில் பழைய போர்வையைத் திணித்திருக்கிறேன், இருந்தும் கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம், திண்டுக்கல் வெயிலை முழுதாக வெளியே நிறுத்திவிட முடியுமா, துண்டைச் சுருட்டிக் காலால் தள்ளி அதையும் அடைக்கிறேன். இப்போது இருட்டு. பினாயில் வாசனை, குழாயில் சொட்டுகிற தண்ணீர், பக்கத்து வீட்டு மிக்சி. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் பேசினை வைத்திருக்கிறேன், பேசினுக்குள் மடித்த துண்டு, துண்டுக்குள் முட்டைகள். நான் முக்காலியில். இவ்வளவு ஏற்பாடும் முட்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கத்தான், எது வளர்கிறது, எது கூமுட்டை என்று பிரித்தெடுக்கத்தான். காலையில் இவர் வேலைக்குக் கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார், "தமயந்தி, பெட்டியத் தெறந்தா லேசா ஒரு வாடை வருது. கெட்டது ஒண்ணு உள்ள வெடிச்சா மத்ததெல்லாம் போச்சு. லைட் அடிச்சுப் பாத்து எடுத்துப் போட்டுரு. உன் கைக்குத்தான் இதெல்லாம் வரும்." நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, கையைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, அவர் வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றேன். உன் கைக்குத்தான் வரும். என் கைக்கு என்னவெல்லாம் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் வயர்மேன், கம்பத்தில் ஏறி நின்று உயிருள்ள கம்பியையும் செத்த கம்பியையும் பிரித்துச் சொல்லுகிறவர், ஆனால் பக்கத்தில் படுத்திருக்கிறவளுடைய கட்டைவிரல் தலையணைக்கு அடியில் தானாக ஆடுவது அவருக்குத் தெரியாது, அல்லது நான் தெரியவிடவில்லை, இரண்டும் ஒன்றுதான்.

இந்த முட்டைகளை நாங்கள் தேடிப் போகவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எங்கள் கருப்புக் கோழி அடையில் உட்கார்ந்திருந்தது, கீரி வந்து அதைக் கடித்துப் போட்டுவிட்டது, காலையில் பார்த்தால் இறகு, கொஞ்சம் ரத்தம், முட்டைகள் மட்டும் அப்படியே, தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. அந்தச் சூடுதான் எங்களை மாட்டிவிட்டது. ஆறிப்போயிருந்தால் குப்பையில் போட்டிருப்போம். இவர் அவசரமாக ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்து, குண்டு பல்பு போட்டு, பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய சின்ன ஃபேனை மாட்டி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, சூடு ஏறினால் தானாக அணைகிற மாதிரி ஏதோ ஒரு கருவியைச் செருகி, கூடத்து மேசையில் வைத்துவிட்டார். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலால். வேளாவேளைக்குத் திருப்பி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். லீவில் வீட்டில் இருக்கிறவள் நான். முழங்கால் வலி என்று சொல்லி எடுத்த லீவு. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் பாவம், யார் பழியையோ சுமக்கிறது.

முதல் முட்டை. டார்ச்சின் வாயில் இவர் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறார், வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் முட்டைக்குள் மட்டும் போக. இடது கையில் டார்ச், வலது கையில் முட்டை, மொண்ணைப் பக்கம் மேலே. வைத்ததும் முட்டை முழுக்க ஆரஞ்சாகப் பற்றிக்கொள்கிறது. மேலே காலி இடம், நிலா மாதிரி வெளிறி, அதற்குக் கீழே நரம்புகள், மெல்லிய சிவப்பு நரம்புகள், ஒரு கருத்த புள்ளியைச் சுற்றிக் கிளைகிளையாக. இது நல்லது. எனக்கு இந்த வெளிச்சம் புதிதில்லை. குறைப்பிரசவக் குழந்தைகள் இருக்கிற வார்டில் இத்தனை வருஷமாக நான் செய்வது இதைத்தான், அறை விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையின் உள்ளங்கைக்கு அடியில் தோலைச் சுடாத குளிர் டார்ச்சை வைத்தால் கை முழுக்கச் சிவப்பாக எரியும், அந்தச் சிவப்புக்குள் கருப்பாக ஒரு நூல் ஓடும், அதற்குள் ஊசியை விடவேண்டும். நூலைவிடக் கொஞ்சம்தான் மெல்லிய ஊசி. என் விரல் நீளம்கூட இல்லாத கை. டாக்டர்களே இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டு, "தமயந்தி சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பார்கள். நான் போய், பேசாமல் நின்று, நூல் எங்கே வளைகிறது என்று பார்த்து, ஒரே தடவை. அந்த ஒரே தடவைதான் நான். மற்றபடி சமைக்கிறேன், துவைக்கிறேன், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிற மகள் நிறைமதிக்கு ஊறுகாய் போட்டு அனுப்புகிறேன், அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

வருகிறது. முட்டைக்குள் நரம்புகள் நடுங்க ஆரம்பிக்கின்றன. நரம்புகள் இல்லை, நான்தான். சட்டென்று பேசினில் வைத்துவிடுகிறேன். இது எப்படியென்றால், சும்மா உட்கார்ந்திருந்தால் கை ஆடும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி, மாத்திரை உருட்டுகிற மாதிரி என்று எங்கள் பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எதையாவது எடுக்கப் போனால் நின்றுவிடும். சமர்த்தாக நின்றுவிடும். பிடித்தபடியே கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். நிற்பதற்கும் ஆரம்பிப்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி, அதற்குள் ஊசியை ஏற்றிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஏற்றினேன். பிறகு இடைவெளி சுருங்கியது. ஒரு நாள் குழந்தையின் மணிக்கட்டுக்கு மேல் ஊசி முனை நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டது, நான் கையை எடுத்துக்கொண்டு, "நிஷா, நீ போடு, கத்துக்கணும்ல" என்றேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். பர்கத் நிஷா எங்கள் வார்டில் சின்னவள், "அக்கா, நானா?" என்று விழித்தாள். மறுநாள் முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது நல்லது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள், டீ மாதிரி தெளிந்த மஞ்சள், கரு பிடிக்கவே இல்லை, இதை இடப்பக்கம் மக்கில் வைக்கிறேன். அடுத்ததை எடுக்கும்போதே வாடை, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் குமட்டுகிறது, ஓட்டில் வியர்வை மாதிரி ஏதோ கசிந்திருக்கிறது. இதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் கவருக்குள் இறக்கி, முடிச்சுப் போட்டு, மூலையில். வெடிக்கவில்லை. இந்தக் கையாலேயே இறக்கிவிட்டேனே. பார்த்தாயா, முடிகிறது. முடிகிறது என்று நினைத்ததும் கை கேட்டுக்கொண்டே இருந்த மாதிரி ஆட ஆரம்பிக்கிறது, தொடை மேல், தட் தட் தட் தட், சேலையில் ஒரு சின்னச் சத்தம். அதைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன். மதுரை டாக்டர் பார்த்தார். பட்டுப்புடவை எடுக்க எதிர்வீட்டு வத்சலா கூடப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு நான் போய் உட்கார்ந்திருந்த அந்த டாக்டர், என்னை விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பெயர் எழுதச் சொன்னார், நான் எழுதியதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போயிருந்தது. "மருந்து இருக்கும்மா. சாப்பிட்டா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம். பயப்படாதீங்க. என்ன வேலை பாக்குறீங்க?" "ஆஸ்பத்திரியில கணக்கு எழுதுறேன் சார்." எங்கிருந்து வந்தது அந்தப் பொய். யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது. "அப்ப பரவால்ல. கம்ப்யூட்டர்லதானே எல்லாம்" என்று சொல்லி மாத்திரை எழுதினார். நர்ஸ் என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன், அதைக் கேட்காமல் திரும்பி வந்தேன். மாத்திரை யூனிஃபார்ம் பையில் இருக்கிறது, அலமாரியில் தொங்குகிற யூனிஃபார்ம், இஸ்திரி போட்டது, அதை யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடைக்கு ஒரு பெரியவர் வருவார், வேலையில் இருந்தபோது தாசில்தாராம். அவருக்கு மட்டும் மாஸ்டர் அரை கிளாஸ்தான் ஊற்றுவார். முழு கிளாஸ் ஊற்றினால் சட்டையெல்லாம் டீ. அரை கிளாஸைக் குடித்து முடித்ததும் மீதி அரையை ஊற்றுவார், காசு ஒரு டீக்குத்தான், அன்பாகத்தான் செய்கிறார், யாரும் சிரிப்பதில்லை. சிரிக்காமல் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நானும் வேறு பக்கம் பார்த்திருக்கிறேன். எனக்கு இப்போது அந்த அரை கிளாஸ்தான் பயம். சாவு இல்லை. படுத்த படுக்கை, அதுகூட இன்னும் தூரத்தில் இருக்கிறது. இவர் ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் எனக்கு அரை தம்ளர் காபி கொண்டுவந்து வைப்பார், நிறைமதி என் தட்டில் சோற்றைப் பிசைந்து வைப்பாள், வார்டில் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்து ரிஜிஸ்டரைக் கையில் கொடுப்பார்கள், அந்த எறும்பு எழுத்தை எழுதுவதற்கு. நிறைமதிக்குப் பரீட்சை முடியட்டும். முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம். முடிந்ததும் வேறு ஏதாவது வரும், அது முடியட்டும் என்று சொல்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

இந்த முட்டை என்ன என்று புரியவில்லை. காலி இடம் தெரிகிறது. கீழே கருப்பாக ஒரு கட்டி, மற்றதைவிடக் கொஞ்சம் சின்னது, நரம்பு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும். நரம்பு அறுந்து கலங்கியிருந்தால் செத்துவிட்டது என்று அர்த்தம். அசைந்தால் உயிர். கரு இத்தனை நாளில் லேசாக நீந்தும், கையைக் காலை உதைக்கும், நல்ல முட்டைகளில் பார்த்தேன். உற்றுப் பார்க்கிறேன். அசைகிறது. அசைகிறது, பார், கருப்பு இப்படியும் அப்படியும், என் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது, பிறகுதான் தெரிகிறது என் கை ஆடிக்கொண்டிருக்கிறது. கையை மாற்றுகிறேன். இடது கையில் முட்டை, வலது கையில் டார்ச். இப்போது வெளிச்சம் ஆடுகிறது, வெளிச்சம் ஆடினால் உள்ளே இருக்கிற எல்லாமே ஆடுகிறது. டார்ச்சை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்கிறேன், இடது கையால் முட்டையை அதன் மேல் பிடிக்கிறேன், வலது கை தொடை மேல் ஆட, தொடை ஆட, டார்ச் ஆட, உள்ளே அது ஆடுகிறது. நீயா நானா. மக்கில் வைக்கிறேன், கெட்டதோடு. மறுபடி எடுக்கிறேன். உயிர் இருந்து நான் எறிந்துவிட்டால்? செத்ததை நல்லதென்று பெட்டியில் வைத்து, அது அழுகி மற்றதையும் கெடுத்தால்? வார்டில் இப்படித் தடுமாறியதே இல்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு விரலை வைப்பேன், விரல் சொல்லிவிடும். இப்போது என் விரல் எல்லாவற்றுக்கும் உயிர் இருக்கிறது என்று சொல்கிறது. சுவரைத் தொட்டால் சுவருக்கு உயிர் இருக்கிறது. நிதானமாக இரு. இதைத் தனியாக, பேசின் ஓரத்தில், துண்டின் மடிப்பில் வை. கடைசியில் பார்க்கலாம். மிச்சத்தை முடி. முட்டைகள் ஆறிக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது கண்ணை வைத்ததுமே தெரிந்தது, இதுவரை பார்த்ததிலேயே நல்லது இதுதான். நரம்புகள் ஓடு முழுக்கப் படர்ந்து, கண் தனியாகக் கரும்புள்ளியாய், இது கண் இல்லாமல் வேறென்ன, அது உதைத்தது, என் கை இன்னும் ஆட ஆரம்பிக்காத அந்த இடைவெளிக்குள் அது உதைத்தது, சந்தேகமே இல்லை, நான் வாய்விட்டு "அடியே" என்றேன், அடியே என்றா சொன்னேன், சிரித்தேன், இன்னொரு தடவை உதைக்கட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். வைத்திருக்கவேண்டும். அங்கேயே வைத்திருக்கவேண்டும். ஆசைதான். கை ஒரு உதறு உதறியது, வழக்கமான ஆட்டம் இல்லை, தோளில் இருந்து ஒரு வெட்டு, முட்டை டார்ச்சின் விளிம்பில் இடித்து, மடியில் விழுந்து, மடியிலிருந்து தரைக்கு. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. டார்ச்சைத் திருப்பினேன். ஏன் திருப்பினேன். ஈரத் தரையில், ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவில், அது. பெரிய தலை, பெரிய கண், மூடாத கண், ஒட்டின சின்னக் கால்கள், ரோஸ் நிறத் தோலுக்கு அடியில் இதயம் அடிப்பது தெரிகிறது. அடிக்கிறது. எனக்கு என்ன செய்யவேண்டும் என்று கைகள் பரபரக்கின்றன, சூடு வேண்டும், சூடாக வைக்கவேண்டும், எங்கே எடுத்து எதில் வைப்பது, ஓட்டுக்கு வெளியே அதற்கு ஒரு இடமும் இல்லை. உள்ளங்கையை அதன் மேல் கூரை மாதிரி கவித்துக்கொண்டேன், தொடாமல். கை ஆடிக்கொண்டே இருந்தது. அந்தச் சின்ன இதயம் அடித்தது, நின்று அடித்தது, பிறகு ரொம்ப நேரம் நின்று ஒரு தடவை அடித்தது. அவ்வளவுதான். முதலில் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா, கூமுட்டை என்று சொல்லிவிடலாம். கெட்டுப்போயிருந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். அவருக்கு எப்படித் தெரியும். தண்ணீர் ஊற்றினால் போய்விடும். அது இன்னும் சூடு ஆறவில்லை, அதற்குள் எனக்குப் பொய் கிடைத்துவிட்டது.

போன் அடித்தது. வெளியே இல்லை, இடுப்பில், நான்தான் செருகியிருந்தேன். நிஷா. எடுக்கவேண்டாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், விரல் பட்டுவிட்டது.

"அக்கா, எங்க இருக்கீங்க? கொஞ்சம் வர முடியுமாக்கா? ஆட்டோ பிடிச்சு வந்துருங்கக்கா." மூச்சு வாங்குகிறது அவளுக்கு. பின்னால் மானிட்டரின் சத்தம், எனக்குத் தெரியும் அந்த மெஷின், அந்த மூலைத் தொட்டில். "காலைல பொறந்த பாப்பாக்கா, ரொம்பச் சின்னது, சர்க்கரை இறங்கிக்கிட்டே போகுது. ரெண்டு கையும் குத்தி வீங்கிருச்சு. டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு, வர நேரமாகுமாம். முழங்கால்னு தெரியும்க்கா, நான் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போறேன், வந்து ஒரே ஒரு ஊசி போட்டுக் குடுத்துட்டுப் போயிருங்க."

வருகிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு இருக்கிறது, தெருமுனையில் ஆட்டோ நிற்கும். அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், ஒரு தடவைக்குப் போதுமான அளவு. டார்ச் வெளிச்சம் தரையில் கிடந்ததன் மேல் விழுந்திருந்தது.

"நான் வந்தாலும் ஊசி போட மாட்டேன் நிஷா. என் கை நடுங்குது."

"என்னக்கா, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. நோய். மதுரைல டாக்டரைப் பாத்தாச்சு. முழங்கால் வலின்னு சொன்னது பொய். இனிமே நான் கொழந்தைக்கு ஊசி போடக் கூடாது."

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை, குளியலறையில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண்ணிடம். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன், ஐயோ என்பாள், அழுவாள். மானிட்டர் மட்டும் கத்தியது. பிறகு அவள் கேட்டாள், "அப்ப யாருக்கா போடுவா?" அதற்கு நேரமில்லை அவளுக்கு. என் நோய்க்கு அங்கே இப்போது நேரமில்லை.

"நீதான். போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தொட்டில்ல வை. கையை விட்டுரு, காலுக்கு வா. அறை லைட்டை அணைக்கச் சொல்லு."

"அணைச்சாச்சு."

"டார்ச்சைக் கணுக்காலுக்குப் பின்னாடி வை. உள்பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் முன்னால, மேல போற கோடு ஒண்ணு தெரியும்."

"காணோம்க்கா. ஒண்ணுமே தெரியல."

"டார்ச்சை அழுத்துறே. அழுத்தினா ரத்தம் நகந்துரும், நரம்பு மறைஞ்சிரும். சும்மா ஒட்டி வை. வச்சுட்டுப் பேசாம பாரு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் அந்தக் கால் தெரிகிறது, சிவப்பாக எரிகிற சின்னக் கால், பட்டாணி அளவு விரல்கள். "இருக்குக்கா," என்றாள் மெதுவாக, "நூல் மாதிரி." "அது எங்க நேரா ஓடுதோ அங்க. வளையற இடத்துல குத்தாத. தோலைக் கீழ்ப்பக்கமா இழுத்துப் பிடி. மூச்சை விட்டுட்டுப் போ." ஒரு சத்தமும் இல்லை. பிறகு கிறீச்சென்று ஒரு அழுகை, பூனைக்குட்டி மாதிரி, கோபமாக. அழுதால் குத்தியாகிவிட்டது, ஏறியதா என்பது வேறு. "ரத்தம் வருதா? ஊசிக்குள்ள ரத்தம் வருதா நிஷா?" பதில் இல்லை. "நிஷா." "வருதுக்கா. வந்துருச்சு. வந்துருச்சுக்கா. பிளாஸ்டர், பிளாஸ்டர் குடுங்க" என்று யாரிடமோ சொல்கிறாள், போன் எங்கேயோ உரசுகிறது, அப்புறம் கட்டாகிவிட்டது.

உட்கார்ந்திருக்கிறேன். நல்லது நடந்திருக்கிறது. குழந்தைக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும். சந்தோஷப்படவேண்டும், படுகிறேன், நெஞ்சில் ஒரு பக்கம் அது இருக்கிறது, இன்னொரு பக்கம் வயிற்றில் யாரோ கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. நான் இல்லாமலே ஏறிவிட்டது. முதல் தடவையிலேயே. இனிமேல் "நிஷா சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பார்கள். அவளுக்கு நல்ல கை, எனக்கு முன்பே தெரியும், தெரிந்துதான் இத்தனை நாள் அவளுக்கு விட்டுக் கொடுக்காமல் இருந்தேனோ. இல்லை. இருக்கலாம். முட்டைகள் ஆறுகின்றன.

நல்லவற்றை எல்லாம் துண்டால் மூடினேன். ஓரத்தில் வைத்த அந்தச் சந்தேக முட்டை மட்டும் பாக்கி. என் கை இல்லாமல் இதைப் பார்க்க வழி இல்லையா என்று இப்போதுதான் தோன்றுகிறது, இவ்வளவு நேரம் கையில் பிடித்தால்தான் பார்த்ததாக அர்த்தம் என்று இருந்துவிட்டேன். பல் தேய்க்கும் தம்ளரைக் காலி செய்து, அதற்குள் டார்ச்சை நிமிர்த்தி, சுற்றிலும் கைக்குட்டையையும் உள்பாவாடைத் துணியையும் திணித்து அசையாமல் இறுக்கினேன். தரையில் சுவரோரமாக வைத்தேன். ரப்பர் வட்டத்தின் மேல் முட்டையை இருத்தினேன், நின்றது. கையை எடுத்துக்கொண்டேன், இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டேன், பின்னால் நகர்ந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். அசை. முட்டை ஆரஞ்சாக நிற்கிறது. கருப்பு அடியில் ஒதுங்கிக் கிடக்கிறது. குழாய் சொட்டுகிறது. பக்கத்து வீட்டில் மிக்சி நின்றுபோய் வெகுநேரம் ஆகியிருக்கவேண்டும். அசையேன். கண் கூசிப் பூச்சி பறக்கிறது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறேன். இல்லை. நரம்பு என்று நினைத்தது நரம்பு இல்லை, ஓட்டின் உள்ளே ஒட்டிய கறை. அது அசையவே இல்லை, எப்போதோ செத்துவிட்டது, கோழி செத்த அன்றே செத்திருக்கலாம். அசைந்ததெல்லாம் நான்தான்.

வண்டிச் சத்தம். கேட். செருப்பைக் கழற்றும் சத்தம். "தமயந்தி," கூடத்திலிருந்து. பெட்டியைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார். குளியலறைக் கதவு என் முதுகில் அதிர்கிறது. "உள்ளயா இருக்கே? இன்னுமா பாக்குறே?"

எழுந்து தாழ்ப்பாளை எடுத்தேன். வெளிச்சம் ஒரேயடியாக முகத்தில். ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக, கையில் கம்பத்து அழுக்கோடு நின்றார். என்னைப் பார்த்தார், தம்ளரில் நிற்கிற டார்ச்சைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"கூமுட்டையா?"

தயாராக இருந்தது. ஆமாம் என்றால் போதும்.

"இல்லைங்க. நல்ல முட்டை. எல்லாத்துலயும் நல்லது அதுதான். கை நழுவிருச்சு."

"சரி விடு," என்றார். "இதுக்கா இப்படி மொகத்தை வச்சிருக்கே. ஒரு முட்டைதானே. மிச்சத்தைக் குடு, ஆறிறப்போகுது." பேசினை வாங்கிக்கொண்டு திரும்பினார். அப்படியே போயிருப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நானே போட்ட பாதை அது, இத்தனை நாளும் அவர் அதில்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

"பூமி," என்றேன். கல்யாணமான புதிதில் அவரை அப்படிக் கூப்பிட்டது, நிறைமதி பிறந்த பிறகு கூப்பிட்டதில்லை. நின்றார். "அது நழுவல. என் கை தானா ஆடுது. வைகாசில இருந்து ஆடுது. டாக்டரைப் பாத்தேன். சரியாகாத நோயாம், மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்கணுமாம். ஆஸ்பத்திரி வேலை இனிமே முடியாது." இன்னும் என்னவோ சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், எல்லாம் இவ்வளவுதான் வந்தது.

பேசினை வாஷ்பேசின் மேல் வைத்தார். ரொம்ப மெதுவாக, அது ஆடாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார். "எந்தக் கை?" என்றார். வலது கையை நீட்டினேன். நீட்டியதும் அது நின்றுவிட்டது, எப்போதும் போல, சமர்த்தாக. பொய் சொல்கிறேன் என்று நினைப்பாரோ என்று பயந்தேன். "கொஞ்சம் இருங்க, வரும்" என்றேன். இருவரும் கையைப் பார்த்துக்கொண்டு ஈரத் தரையில் நின்றோம். வந்தது. அவர் அதைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டார், நிறுத்தப் பார்க்கவில்லை, இறுக்கவில்லை, அது உள்ளே ஆட அவர் கைகளும் லேசாக ஆடின.

கையை விடாமலே கேட்டார். நான் வேறு ஏதோ கேட்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எந்த ஊர் டாக்டர்?"

"மதுரை."

"புடவை எடுக்கப் போறேன்னு போனியே, அன்னைக்கா? வத்சலா கூட வந்தாளா?"

"இல்ல."

"தனியாவா போனே?"

அவர் குரல் அந்த இடத்தில் உடைந்தது.

"பஸ்ஸுல ஜன்னலோர சீட்டு கிடைச்சுதுங்க," என்றேன்.